432,000 வினாடி: ரூட்டர் பட்டியலில் ஓர் இணைப்பு ஏன் நாள்கணக்கில் நீள்கிறது

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் எங்கள் நாலறை வீட்டின் கூடத்தில், என் லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் ரூட்டரின் இணைப்புப் பட்டியல். கடைசி அறைக்குப் புதிதாக வந்த தம்பியின் போனுக்கு நேரே 431,962 என்று ஓர் எண். "அண்ணே, இது வினாடிக் கணக்குதானே?" என்று கேட்ட ஒருவர், உடனே தன் போனில் வகுத்தும் பார்த்துவிட்டார். கிட்டத்தட்ட 120 மணி நேரம். ஐந்து நாள். "அஞ்சு நாளா விடாம எதையோ இழுத்துக்கிட்டே இருக்கான். அதான் நமக்கு லைன் கிடைக்கல."

தம்பி அறைக்குள் அம்மாவோடு வீடியோ காலில் இருந்தார். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது. எங்களில் இருவருக்கோ வீட்டுக்குக் கூப்பிட்டால் சுற்றிக்கொண்டே இருந்தது. இங்கே ஒன்பது என்றால் ஊரில் ஆறரை. விளக்கு வைத்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் நேரம். நாள் முழுக்க யார்டில் நின்றவருக்குக் கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம்தான். அது கைக்கு எட்டாமல் போனால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் எளிதாகப் போய் நிற்கும் இடம், வீட்டில் கடைசியாக வந்தவர்.

ஆனால் தம்பி இந்த வீட்டுக்கு வந்ததே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து அவரைக் கூட்டிவந்ததும் நான்தான், வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்ததும் நான்தான். இரண்டே நாளாக இந்த வீட்டில் இருக்கும் போன் எப்படி ஐந்து நாள் இணைப்பில் இருந்திருக்க முடியும்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் கூடம் கொஞ்சம் அமைதியானது. அதற்குப் பிறகுதான் அந்த எண் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து பார்த்தோம். கூட்டு வீட்டில் ரூட்டரைப் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் இது உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். தன் வழியாகப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் அது ஒரு பட்டியலில் வரி வரியாக வைத்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு கடிகாரம் உண்டு. அது கழிந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகும் கடிகாரம் கிடையாது. பேருந்து நிறுத்தத்தில் அடுத்த பஸ் வர இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டுவார்களே, அதுபோல இறங்கிக்கொண்டே வரும். இந்த இணைப்பில் இனி எதுவுமே நடக்காவிட்டால் இன்னும் எத்தனை வினாடி கழித்து இந்த வரியை அழிப்பேன் என்பதுதான் அந்த எண். டிசிபி என்ற, இரு முனைகளும் பேசி உறுதிசெய்துகொண்டு தகவல் அனுப்பும் வகை இணைப்புக்கு லினக்ஸ் இயல்பாக வைத்திருக்கும் அளவு 432,000 வினாடி. சரியாக ஐந்து நாள். ஒரே ஒரு பாக்கெட் (இணையத்தில் தகவல் போகும் சிறு பொட்டலம்) போனாலோ வந்தாலோ எண் மறுபடி 432,000-க்கு ஏறிவிடும்.

இப்போது தம்பியின் வரியைப் படித்துப் பாருங்கள். 432,000-லிருந்து 431,962-ஐக் கழித்தால் 38. அந்த இணைப்பில் கடைசியாக ஏதோ ஒன்று போய் 38 வினாடி ஆகியிருக்கிறது. அந்த எண் தெரிவிப்பது அவ்வளவுதான். ஐந்து நாள் என்று நாங்கள் படித்தது, ரூட்டர் இனிமேல் காத்திருக்கத் தயாராக இருக்கும் காலம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு மற்ற வரிகளும் கதை சொல்ல ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் மூத்தவர், துவாஸ் பக்கம் வேலைக்குப் போகும் அண்ணன். அவருடைய போனுக்கு நேரே ஒரு வரியில் 376,214. கழித்தால் 55,786 வினாடி, அதாவது பதினைந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இரவு 9:40. பின்னால் போனால் காலை 6:10. அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு மின்தூக்கிக்குப் போன நேரம். அந்த நிமிடத்தில் அவருடைய போன் வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கிறது. ரூட்டரிடம் அது சொல்லிக்கொள்ளவில்லை. அண்ணன் துவாஸுக்குப் போய், வேலை முடித்து, எட்டு மணிக்குத் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டார். காலையில் பாதியில் விட்ட அந்த இணைப்புக்கு ரூட்டர் இன்னும் இடம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

இது ரூட்டரின் பிழை ஆகாது. டிசிபி வடிவமைக்கப்பட்ட விதமே அப்படி. 1981-ல் வெளியான அதன் வரையறையிலும் சரி, 2022-ல் அதைப் புதுப்பித்து எழுதியதிலும் சரி, பேசாமல் இருக்கும் இணைப்பு இத்தனை நேரத்தில் தானாகச் செத்துவிடும் என்ற விதி கிடையாது. இரு பக்கமும் சரியாக விடைபெற்றால் இணைப்பு முடியும். ஒரு பக்கம் சொல்லாமல் போய்விட்டால் மறுபக்கம் காத்துக்கொண்டே இருக்கலாம். நடுவில் நிற்கும் ரூட்டருக்கோ பெரிய சங்கடம். போன் மௌனமாக இருக்கிறதா, கிளம்பிப் போய்விட்டதா என்று அதற்குத் தெரியாது. அவசரப்பட்டு வரியை அழித்தால் உயிரோடிருக்கும் இணைப்பு அறுந்துபோகும். அதனால்தான் இவ்வளவு பொறுமை.

இந்தப் பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். இணைய முகவரிகளின் பழைய வகையில் இருப்பதே ஏறத்தாழ 430 கோடி எண்கள்தான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் 1994-லேயே ஒரு வெளி முகவரியை ஒரு வீடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் முறையை எழுதி வைத்தார்கள். உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரிகள், வெளியே ஒரே முகவரி. வெளியிலிருந்து பதில் வரும்போது அது யாருடைய போனுக்கு என்று பார்க்க ரூட்டருக்கு ஒரு பேரேடு வேண்டும். நாம் பார்த்தது அந்தப் பேரேட்டைத்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிறைய வீடுகளில் சண்டை இதில்தான் தொடங்குகிறது. ரூட்டரின் பக்கங்களில் நேரம் என்ற பெயரில் நாலு வெவ்வேறு விஷயங்கள் இருக்கும். ஒரு போன் வைஃபையில் சேர்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது ஒன்று. இரவு முழுக்க சார்ஜில் கிடக்கும் போன் காலையில் 9 மணி நேரம் என்று காட்டும். அதன் சொந்தக்காரர் அந்த 9 மணி நேரமும் தூங்கியிருப்பார். அடுத்தது, ரூட்டர் அந்த போனுக்குக் கொடுத்த உள் முகவரியின் தவணை. 24 மணி நேரம் என்று காட்டும். அதற்கும் பயன்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது, ரூட்டரே இணையத்தோடு இணைந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு. நான்காவதுதான் இணைப்புப் பட்டியலின் இறங்கு கடிகாரம். இந்த நான்கில் எதுவும் ஒருவர் எவ்வளவு இழுத்தார் என்று சொல்லாது. ஒருவரைக் கேள்வி கேட்பதற்கு முன் நாம் பார்ப்பது எந்தக் கடிகாரத்தை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை பேர் என்ற கணக்கும் ஏமாற்றும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் பதினைந்து இருபது கருவிகள் தெரிகிறதே, பக்கத்து வீட்டுக்காரர் நுழைந்துவிட்டாரோ என்று பயப்படுவார்கள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டுகின்றன. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு பெயர், 5-க்கு ஒரு பெயர் வைத்திருந்தால் ஒரே போன் இரண்டு ஆளாகத் தெரியும்.

சரி, தம்பியின் போன் எதனோடு பேசிக்கொண்டிருந்தது? வரியில் மறுமுனையின் போர்ட் எண், அதாவது அங்கே எந்தச் சேவை என்று காட்டும் எண், 5228. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அறிவிப்புகளைக் கொண்டுவரும் கூகுள் சேவை பயன்படுத்தும் எண் அது. ஐபோனாக இருந்தால் 5223 என்று இருக்கும். மெசேஜ் வந்தால் போன் உடனே சத்தம் போட வேண்டுமென்றால், போன் எப்போதும் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் ரூட்டரைத் தாண்டி உள்ளே வந்து கதவைத் தட்ட முடியாது என்பதால், போன்தான் முன்கூட்டியே வெளியே போய் அங்கே காத்து நிற்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, நான் இருக்கிறேன் என்று ஒரு சின்ன பாக்கெட் அனுப்பும். அதனால் அந்த இணைப்பு நாள்கணக்கில் நிற்கும். நிற்கத்தான் வேண்டும்.

அந்த இணைப்பு எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க பைட் கணக்கு வேண்டும். எங்கள் ரூட்டரில் அது அணைந்திருந்தது. கட்டளை வரி வழியாக உள்ளே போய் அதை இயக்கினேன். இயக்கிய பிறகு தொடங்கும் இணைப்புகளுக்கு மட்டுமே அது எண்ணும், பழையவற்றுக்கு எண்ணாது. ஆகவே வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டு ஒரு முழு நாள் காத்திருந்தோம். புதன்கிழமை இரவு தம்பியின் 5228 வரியில் இருந்த மொத்தம் 100 கிலோபைட்டுக்கும் குறைவு. ஊருக்கு ஒரு போட்டோ அனுப்பினால் அதைவிடப் பல மடங்கு போகும். பட்டியலிலேயே நீளமான இணைப்புகளில் ஒன்று அது. பட்டியலிலேயே இலேசானவற்றிலும் ஒன்று.

அப்படியானால் ஒன்பது மணிக்கு எங்களுக்கு லைன் ஏன் கிடைக்கவில்லை?

அந்தக் கேள்விக்கு விடை வரிகளின் நீளத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பழைய ரூட்டர் எங்களுடையது. அதன் பேரேட்டில் 4,096 வரிகளுக்குத்தான் இடம். செவ்வாய் இரவு எண்ணிப் பார்த்தபோது 4,091 வரிகள் நிரம்பியிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு பாக்கெட்டும் போகாத வரிகள். காலையில் ஆறு பேர் ஆறு திசையில் கிளம்பும்போது ஒவ்வொரு போனும் கைவிட்டுப் போன இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் தவணை. திங்கள் காலையில் விட்டது போவதற்குள் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லாம் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பேரேடு நிரம்பிவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வரி இருக்கும் இணைப்புகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். புதிதாகத் தொடங்க வருவதற்கு மட்டும் இடம் கிடைக்காது. அந்த பாக்கெட்டை ரூட்டர் சத்தமில்லாமல் போட்டுவிடும். இரு பக்கமும் பேசி உறுதியான டிசிபி வரிகளை, செத்தவையாக இருந்தாலும், தவணை முடியாமல் அது தானாக நீக்காது. ரூட்டரின் லாகில், அதாவது நிகழ்வுப் பதிவில், 'டேபிள் ஃபுல்' (பட்டியல் நிரம்பிவிட்டது) என்று வரி வரியாகப் பதிந்திருந்தது. நாங்கள் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

இதை வைத்து எங்கள் வீட்டின் இரவுகளைத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது. தம்பி வேலை முடிந்து ஏழு மணிக்கே வந்துவிடுவார். கொஞ்சம் காலியாக இருக்கும்போதே கூப்பிட்டுவிடுவார், அழைப்பை வைக்காமல் பேசிக்கொண்டிருப்பார். அவர் லைனுக்கு வரி இருக்கிறது, அது ஓடுகிறது. எட்டரை, ஒன்பதுக்கு எல்லாரும் வந்து சேர்ந்ததும் மிச்ச இடமும் நிறைந்துவிடும். அப்புறம் கூப்பிடுகிறவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பேசுகிறவருக்குத் தெளிவாகக் கேட்கிறது, கூப்பிடுகிறவருக்குக் கிடைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறார் என்று எங்களுக்குத் தோன்றியது. அவர் செய்ததெல்லாம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தது மட்டும்.

இந்த அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லைன் மெதுவாக இருப்பது வேறு நோய். அதில் பேசிக்கொண்டிருப்பவருக்கும் படம் கட்டம் கட்டமாக உடையும். பேரேடு நிரம்பிய நோயில் பழைய இணைப்பு நன்றாக இருக்கும், புதியது மட்டும் பிறக்காது. இன்னொரு அடையாளம்: ரூட்டரை அணைத்துப் போட்டால் அன்று முழுக்க அருமையாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் மறுபடி வரும். அணைக்கும்போது பேரேடு வெறுமையாகிவிடுகிறது, பிறகு நாள்தோறும் நிறைகிறது. எங்கள் வீட்டில் பல மாதங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் காரணத்தைக் காட்டக்கூடிய பட்டியலும் சேர்ந்து அழிந்தது. அடுத்த தடவை அணைக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

தேக்கா பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்கள், வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் ஒவ்வொருவரின் போனும் சொல்லாமல் விட்டுப்போகும் வரிகள், ஐந்து நாள் தவணை இருந்தால், வெள்ளிக்கிழமை வரை உட்கார்ந்திருக்கும்.

தவணையை எவ்வளவுக்குக் குறைக்கலாம்? இதற்கு ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2008-ல் வெளியிட்ட ஆர்எஃப்சி 5382 என்ற ஆவணம், டிசிபி இணைப்பு மௌனமாக இருந்தாலும் 2 மணி நேரம் 4 நிமிடத்துக்கு முன் அதைக் கைவிடக் கூடாது என்கிறது. அந்த 4 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அழகாக இருக்கிறது. மௌனமான இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று கணினிகள் தட்டிப் பார்க்கும் இயல்பான இடைவெளி 2 மணி நேரம். தட்டிய பாக்கெட் வந்து சேரக் கொஞ்சம் அவகாசம், அதற்கு 4 நிமிடம். வினாடியில் 7,440. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரூட்டர் மென்பொருள் இந்த எண்ணையே இயல்பாக வைத்திருக்கிறது. நாங்களும் 432,000-ஐ 7,440 ஆக்கினோம். இதற்கும் கீழே போகலாம் என்று ஆசை வரும். வேண்டாம். சில நிமிடங்களுக்குக் கொண்டுவந்தால் அறிவிப்பு இணைப்புகள் அறுந்து அறுந்து மறுபடி கட்டப்படும்; மெசேஜ் தாமதமாகும், பேட்டரியும் இறங்கும்.

இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பைட் கணக்கு கையில் வந்த பிறகு பட்டியலை இன்னொரு விதமாக அடுக்கிப் பார்க்கத் தோன்றியது: கருவி வாரியாக, எத்தனை வரி, எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது. ஆறு போன்களிலும் உள்ளே வந்ததுதான் அதிகம். வீடியோ பார்க்கிறோம், படம் பார்க்கிறோம், அப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு கருவியில் தலைகீழாக இருந்தது. கூடத்தில் டிவிக்குக் கீழே இருந்த ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ். அதன் பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள், யார் யாரோடோ. வெளியே போனது, உள்ளே வந்ததைவிட அதிகம். அதிலும் பாதி, யாரும் டிவி பார்க்காத பின்னிரவில்.

டிவி பாக்ஸுக்கு வெளியே அனுப்ப என்ன இருக்கிறது? இந்த வடிவம் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் கருவியை, யாரோ ஒருவரின் போக்குவரத்து கடந்துபோகும் இடைவழியாக மாற்றிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் போக்குவரத்து நம் வீட்டு முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும். மோசடிக்காரர்கள் இதற்காகவே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். 2024 மே மாதம் சிங்கப்பூரில் ஒருவர் கைதானது இப்படிப்பட்ட ஒரு வலையமைப்பை நடத்தியதாக வந்த வழக்கில்தான். 911 எஸ்5 என்ற அந்த வலையில் உலகெங்கும் 1 கோடியே 90 லட்சம் ஐபி (இணைய) முகவரிகள் சிக்கியிருந்ததாக அமெரிக்க நீதித் துறை சொன்னது. அது பரவியது இலவச விபிஎன் செயலிகள் வழியாக. டிவி பாக்ஸ்களைப் பற்றி 2025 ஜூனில் எஃப்பிஐ தனியாகவே எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட அந்த வலையில், கடையில் வாங்கும் முன்பே கெட்டுப்போயிருந்த கருவிகளும் உண்டு. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தாலும் அப்படிப்பட்டது போகாது, ஏனென்றால் கேடு இருப்பதே அதன் அடிப்படை மென்பொருளில்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த பாக்ஸின் ஆயிரம் வரிகளில் நீண்ட நேரம் நின்றது ஒன்றோ இரண்டோதான். கட்டளைக்காகக் காத்திருக்கும் கம்பி மாதிரி, பைட் மிகக் குறைவு. மற்றவை எல்லாம் சில வினாடிகளில் வந்து போனவை, அவற்றில் சரியாக முடிக்காமல் கைவிட்டவை அப்படியே பேரேட்டில் தங்கிவிட்டன. நீளமான இணைப்பை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. எது எவ்வளவு நேரம் நின்றது என்பதைவிட, எந்தக் கருவி, எத்தனை இணைப்பு, எந்தத் திசையில் எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்துதான் பேசுகின்றன.

எல்லாக் கேபிள் சேனலும் இலவசம் என்று சொல்லி விற்ற இந்த மாதிரி பாக்ஸ்கள் ஒரு காலத்தில் இங்கே தாராளமாகக் கிடைத்தன. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் அப்படி விற்பதைக் குற்றமாக்கிவிட்டது. ஆனாலும் பழையவை எத்தனையோ கூடங்களில் இன்னும் செருகியபடியே இருக்கின்றன. தமிழ்ச் சேனலுக்காக வாங்கியவர்கள்தான் நம்மில் அதிகம். ஊர்ச் செய்தி பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. அந்த பாக்ஸை வீட்டு வைஃபையில் வைத்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கட்டளை வரியெல்லாம் எங்கள் ரூட்டரில் இல்லையே என்பவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. பல ரூட்டர்களில் லாக் பக்கத்துக்குள் 'கனெக்‌ஷன்ஸ்' அல்லது 'செஷன்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். கருவி வாரியாக டேட்டா காட்டும் பக்கமும் பலவற்றில் உண்டு. (வேகத்துக்காகப் போக்குவரத்தை நேரே வன்பொருள் வழியாகக் கடத்தும் ரூட்டர்களில் இந்தக் கணக்கு குறைவாகக் காட்டலாம்.) அதுவும் இல்லாவிட்டால், நோய் வரும் இரவில் மனிதர்களின் போன்களை விட்டுவிட்டு, எப்போதும் செருகியே இருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்: டிவி பாக்ஸ், கேமரா, பழைய டேப்லெட். ரூட்டரையே மாற்றலாம் என்றால், 2021 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் வீட்டு ரூட்டர்கள் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பாதுகாப்பு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்ய வேண்டும். அதற்கு முந்தையதை முதலில் மாற்றுங்கள்.

வேகம் கூடிய திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. இங்கே 10 கிகாபிட் வரை வந்துவிட்டது. குழாயைப் பெரிதாக்கினாலும் பேரேட்டின் பக்கங்கள் கூடாது. நாலறையும் அதற்கு மேற்பட்டதுமான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் உறவினர் அல்லாதவர்கள் தங்கும் உச்சவரம்பு 2024 ஜனவரியில் ஆறிலிருந்து எட்டு ஆனது. எட்டுப் பேர் என்றால் எட்டு போன் மட்டும் இல்லை. படம் உடைகிற நோய் இருப்பவர்கள் வேறு இடத்தில் தேட வேண்டும். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் பதுங்கறையின் தடித்த கான்கிரீட்டுக்கும் இரும்புக் கதவுக்கும் பின்னால் ரூட்டர் இருந்தால், முதலில் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

ஒன்றை மனதாரச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் யார் எங்கே போனார்கள் என்பதன் தடயமும் இருக்கிறது. பொறுப்பில் இருப்பவர் கருவி, எண்ணிக்கை, பைட் இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மறுமுனை முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது போல. செவ்வாய் இரவு நாலு பேர் கூடி நின்று தம்பியின் வரியைப் பார்த்ததே எனக்கு இன்னும் உறுத்துகிறது. புதன்கிழமை அவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே, என்னால லைன் போகுதோன்னு நானே பயந்துகிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அந்தப் பயத்தோடுதான் அவர் இரண்டு இரவும் அம்மாவிடம் சிரித்துப் பேசியிருக்கிறார்.

டிவி பாக்ஸைப் பிடுங்கி, புளோக்குக்கு அருகிலிருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டோம். அடுத்த செவ்வாய் இரவு அதே ஒன்பதரைக்கு மறுபடி எண்ணிப் பார்த்தேன். 512 வரிகள். இரண்டு அறைகளில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று போனில் வகுத்துப் பார்த்தவர் பக்கத்தில் வந்து நின்று, 7,431 என்றிருந்த ஒரு வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒன்பது வினாடி முன்னாடி பேசியிருக்குண்ணே" என்றார்.